வாசகரைக் கூட்டிவைத்துக் கேட்ட கதை

2000ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலின் சிறிய மண்டபத்தில் எட்டுப் பேர் நீள்வட்ட மேசையொன்றைச் சுற்றி அமர்ந்திருந்தனர். நான் அப்போது பணியாற்றிய பத்திரிகை, இணையத்தளமொன்றைத் தொடங்கத் தீர்மானித்திருந்தது. அதில் வாசகர்கள் எதை எதிர்பார்ப்பார்கள் என்று அறிவதற்காகவே இந்த ஏற்பாடு. சந்தை ஆய்வு நிறுவனமொன்றிலிருந்து வந்திருந்த இளம்பெண் கேள்விகளைக் கேட்டார். மேசையின் நடுவே ஒலிப்பதிவுக் கருவி சுழன்றுகொண்டிருந்தது. சுவரோரமாகப் போடப்பட்ட கதிரையில், ஆசிரியபீடத்தின் சார்பில் குறிப்பெடுப்பதற்காக நான் இருந்தேன்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் வண்ணார்பண்ணையிலிருந்து இடம்பெயர்ந்து வெள்ளவத்தையில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. இரு பிள்ளைகள் ரொறன்ரோவிலும் ஒருவர் சூரிச்சிலும் இருப்பதாக அறிமுகத்தின்போது கூறியிருந்தார். அவருடைய முறை வந்தபோது அவர் சொன்ன பதில் இது:

“பிள்ளை, நான் பேப்பரை எடுத்தா முதல்ல பாக்கிறது மரண அறிவித்தல். அதைப் போடுவியளோ?”

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. வங்கி அதிகாரி ஒருவர், “அதுக்கு இன்ரநெற் வேணுமே ரீச்சர்?” என்று கேட்டார். பின்னர் அவரே தமக்கு உலகச் செய்திகளும் பொருளாதாரக் கட்டுரைகளும் வேண்டும் என்றார். அதற்குப் பின் பேசிய ஐவரும் ஏறக்குறைய அதையே சொன்னார்கள். ஆசிரியை மறுபடி வாய் திறக்கவில்லை. நானும் என் குறிப்பேட்டில் உலகச் செய்தி, பொருளாதாரம், கல்வி என்று எழுதிக்கொண்டேன். மரண அறிவித்தல் என்ற சொல்லை எழுதவில்லை.

அந்தப் பிற்பகலைப் பற்றிப் பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னர், இவ்வாறு ஆட்களை ஒரு மேசையைச் சுற்றி இருத்திக் கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலத்தில் ‘போகஸ் குரூப்’ என்றும் தமிழில் குவிமையக் குழு என்றும் அழைக்கப்படும் இந்த முறையை இன்று அரசியல் கட்சிகளும் சவர்க்காரக் கம்பனிகளும் புதிய இணையத்தளங்களைத் தொடங்குவோரும் ஒருங்கே பயன்படுத்துகின்றனர். அதனை முதலில் வகுத்தவர் இவர்களில் எவருக்காகவும் அதனை வகுக்கவில்லை.

கதை வியன்னாவில் தொடங்குகிறது. 1901இல் அங்கு பிறந்த போல் லஸார்ஸ்பெல்ட் கணிதம் பயின்றவர், சோசலிசவாதி, யூதர். 1930களின் தொடக்கத்தில் வியன்னாவுக்கு அண்மையிலுள்ள மரியன்தால் என்ற கிராமத்தில் அவரும் மரீ யஹோடா, ஹன்ஸ் ஸைசல் ஆகியோரும் நடத்திய ஆய்வு சமூகவியலில் இன்றும் பேசப்படுவது. அந்தக் கிராமத்தின் ஒரே ஆலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்திருந்தது. ஆய்வாளர்கள் வினாக்கொத்தை மட்டும் நம்பவில்லை. வீதியில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்பதைக்கூட மறைந்திருந்து அளந்தார்கள். வேலையற்றவர்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது. நூலகத்தில் இரவற் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. ஆயினும் இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. பத்திரிகைச் சந்தாக்களும் வீழ்ந்தன. ஓய்வு கிடைத்தால் மனிதர் வாசிப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த என் போன்றவர்கள் இதை ஒருமுறை படித்துப்பார்க்க வேண்டும். அந்தக் கிராமத்தவரிடம் நேரே கேட்டிருந்தால் எத்தனை பேர் “முன்னரைவிடக் குறைவாக வாசிக்கிறேன்” என்று சொல்லியிருப்பார்கள்?

1933இல் ரொக்பெல்லர் அறக்கட்டளையின் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கா சென்ற லஸார்ஸ்பெல்ட் அங்கேயே தங்கிவிட்டார். வானொலி அப்போது அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு புகுந்துகொண்டிருந்த காலம். 1937இல் தொடங்கிய வானொலி ஆய்வுத் திட்டமொன்றுக்கு அவர் பொறுப்பாளரானார். அது முதலில் பிரின்ஸ்டனின் பெயரில் இயங்கிப் பின்னர் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறியது. அங்கே அவரும், பிற்காலத்தில் சீபீஎஸ் நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த பிராங் ஸ்ரான்ரனும் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கினார்கள். நிகழ்ச்சியைக் கேட்பவர் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு பொத்தான்கள். பிடித்த இடத்தில் பச்சையை அழுத்தவேண்டும். பிடிக்காத இடத்தில் சிவப்பை அழுத்தவேண்டும். ஒன்றையும் அழுத்தாவிட்டால் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை என்று பொருள். ஓடும் காகிதச் சுருளில் மைக்கோடுகளாக அந்த விருப்பு வெறுப்புகள் பதிவாகின. வானொலியின் இசை ஆய்வுப் பகுதிக்காக 1938இல் வந்துசேர்ந்த ஜெர்மனியத் தத்துவவாதி தியடோர் அடோர்னோவுக்கு இந்தப் பொத்தான் விவகாரம் அறவே பிடிக்கவில்லை. இசையை அனுபவிப்பதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் பிரித்து அளக்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, அவரது பகுதிக்கான நிதியும் நின்றுபோயிற்று. எனினும் அந்தக் கேள்வி செத்துப்போகவில்லை.

1941 நவம்பரில் ஒரு மாலை. கொலம்பியாவில் புதிதாகச் சேர்ந்திருந்த ரொபர்ட் மேர்ட்டன் என்ற இளம் சமூகவியலாளரையும் மனைவியையும் லஸார்ஸ்பெல்ட் இராப்போசனத்துக்கு அழைத்திருந்தார். மேர்ட்டன் பிலடெல்பியாவின் ஏழ்மையான யூதக் குடியேறிகளின் மகன். சிறு வயதில் வீடுகளில் மாயாஜாலம் செய்து காட்டியவர். மேடைக்காக வைத்துக்கொண்ட பெயரே கடைசியில் அவருடைய சொந்தப் பெயராயிற்று. தம்பதியினர் கதவடிக்கு வந்ததும், போசனம் பிறகு, முதலில் நாம் இருவரும் வானொலிக் கலையகத்துக்குப் போகவேண்டும் என்று லஸார்ஸ்பெல்ட் கூறிவிட்டார். மக்களின் மனவுறுதியை வளர்ப்பதற்கான வானொலி நிகழ்ச்சியொன்றைப் பரீட்சித்துத் தரும்படி அரசாங்கத் திணைக்களமொன்று அவசரமாகக் கேட்டிருந்ததாம். இரு மனைவியரையும் வீட்டில் விட்டுவிட்டு ஆண்கள் இருவரும் புறப்பட்டார்கள்.

கலையகத்தில் ஒரு டசினோ இருபதோ பேர் வரிசையாக அமர்ந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை மேர்ட்டன் கண்டார். நிகழ்ச்சி முடிந்ததும் லஸார்ஸ்பெல்ட்டின் உதவியாளர் ஒருவர் அவர்களிடம், ஏன் இந்த இடத்தில் பிடித்தது, ஏன் அந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று விசாரித்தார். அதைக் கவனித்துக்கொண்டிருந்த மேர்ட்டனுக்குப் பொறுக்கவில்லை. கேட்பவர் தம்மை அறியாமலே பதிலைக் கேட்போரின் வாயில் ஊட்டுகிறார். அவர்கள் தாமாகத் தொட்ட விடயத்தைத் தொடர்ந்து கிளறாமல் விட்டுவிடுகிறார். இவ்வாறு சிறு துண்டுகளில் எழுதி எழுதி மேர்ட்டன் லஸார்ஸ்பெல்ட்டிடம் நீட்டினார். அடுத்த குழு வந்தமர்ந்தபோது லஸார்ஸ்பெல்ட், அப்படியானால் நீரே நடத்திக் காட்டும் என்று அவரை முன்னால் அனுப்பிவிட்டார். அன்றைய போசனம் என்னவாயிற்று என்பதை அந்த இரு பெண்களிடந்தான் கேட்டிருக்கவேண்டும். பல ஆண்டுகள் கழித்து மேர்ட்டன் தாமே எழுதிவைத்த சம்பவம் இது.

ஒருசில வாரங்களில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கிற்று. படையினருக்குக் காட்டப்பட்ட பயிற்சித் திரைப்படங்களும் மக்களின் மனவுறுதிக்கான ஒலிபரப்புகளும் இதே விதமாகப் பரீட்சிக்கப்பட்டன. அந்த அனுபவத்தை வைத்து மேர்ட்டனும் பற்றீசியா கென்டலும் 1946இல் ஒரு கட்டுரையாகவும், மார்ஜரி பிஸ்க்கேயும் இணைந்து 1956இல் ஒரு நூலாகவும் எழுதினார்கள். மேர்ட்டன் அதைக் குவிமையக் குழு என்று அழைக்கவில்லை. குவிமைய நேர்காணல் என்றே அழைத்தார். தனியாளையும் அவ்வாறு நேர்காணலாம், குழுவையும் நேர்காணலாம். கேட்பவர் எதிர்பார்த்த விடயங்களுக்கு அப்பாலும் பதில்கள் விரிய வேண்டும். பொதுப்படையாகச் சொல்லாமல், நிகழ்ச்சியின் எந்தக் கணத்தில் எது தம்மைத் தொட்டது என்று குறித்துச் சொல்லவைக்க வேண்டும். உணர்ச்சியின் ஆழத்துக்குப் போகவேண்டும். அந்த உணர்ச்சிக்குப் பின்னாலுள்ள சொந்த வாழ்வின் பின்னணியை அறியவேண்டும். இந்த நான்கும் இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு என்பதே அவர் கருத்து.

அந்தக் கடைசி நிபந்தனையை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

அவர் சொன்னதன் பெறுமதியை அவரே நிரூபித்தும் காட்டினார். 1943 செப்டெம்பர் 21ஆம் திகதி பாடகி கேற் ஸ்மித், யுத்தக் கடன் பத்திரங்களை விற்பதற்காக வானொலியில் நாள் முழுவதும் இடைக்கிடை தோன்றிப் பேசினார். ஏறத்தாழ 39 மில்லியன் டொலருக்குப் பத்திரங்கள் விலைபோயின. மேர்ட்டனின் குழு கேட்டவர்களில் நூறு பேரைத் தேடிப்பிடித்து ஆறுதலாகப் பேசியது. கேற் ஸ்மித்தின் வாதங்களைவிட, ஒரு பெண் தன் உடலை வருத்திக்கொண்டு நாள் முழுவதும் எங்களுக்காக நிற்கிறாளே என்ற எண்ணமே அவர்களைத் தொலைபேசியை எடுக்கவைத்தது என்று தெரியவந்தது. பத்திரத்தின் வட்டி வீதத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் இதை அறிந்திருக்க முடியாது.

யுத்தம் முடிந்தபின் விளம்பரக்காரர்கள் இந்த முறையைக் கையிலெடுத்தனர். லஸார்ஸ்பெல்ட்டின் வியன்னா வட்டத்தைச் சேர்ந்த ஹேர்ட்டா ஹேர்சோக், ஏர்னஸ்ட் டிக்டர் ஆகிய இருவருமே நியூயோர்க் விளம்பர உலகில் பெரும் புள்ளிகளானார்கள். ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிச் சுவர், அதற்குப் பின்னால் இருந்து பார்க்கும் கம்பனி அதிகாரிகள், மேசையில் தேநீரும் சான்ட்விச்சும், பங்குபற்றுவோருக்கு ஒரு சிறு தொகை அடங்கிய கடித உறை. இவையெல்லாம் மெல்ல மெல்லச் சடங்காயின. மேர்ட்டன் 1987இல் இதைப் பற்றி எழுதியபோது அவருடைய மனக்குறை வெளிப்படையாகவே தெரிந்தது. இந்த நேர்காணல்கள் புதிய ஊகங்களைத் தருவதற்கானவை. அந்த ஊகம் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதைப் பின்னர் பெரிய அளவில் ஆராய்ந்துதான் சொல்லவேண்டும். ஆனால் சந்தைக்காரர்களோ முதற்படியோடு நின்றுவிடுகிறார்கள் என்றார். 2003இல் அவர் காலமானபோது பத்திரிகைகள் அவரைக் குவிமையக் குழுவின் தந்தை என்றே எழுதின. பெற்ற பிள்ளையின் போக்கை அவர் மெச்சவில்லை.

குழுவில் ஒருவர் பேசுவது மற்றவரை எவ்வாறு மாற்றும் என்பதற்கு எல்லாரும் சுட்டிக்காட்டும் உதாரணம் கோக்கா கோலா. 1985 ஏப்ரல் 23ஆம் திகதி அந்நிறுவனம் தனது பழைய பானத்தை நிறுத்திப் புதிய சுவையொன்றை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேருக்குக் கொடுத்துச் சுவை பார்த்திருந்தார்கள். தனித்தனியே குடித்தவர்களில் பெரும்பாலோர் புதியதையே விரும்பினார்கள். குழுவாக அமர்த்தியபோது மட்டும் கதை வேறாக இருந்தது. பழையதை எடுத்துவிடுவீர்களா என்று ஓரிருவர் ஆத்திரப்பட, மற்றவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். குழுவின் அழுத்தத்தால் வந்த பேச்சு என்று அதிகாரிகள் அதை ஒதுக்கினார்கள். ஆனால் வெளியே அமெரிக்கா என்ற பெரிய மண்டபத்திலும் அதேதான் நடந்தது. 79 நாட்களில் பழைய பானம் திரும்பி வந்தது. ஆக, குழுவின் அழுத்தம் சிலவேளை பொய்யை உண்டாக்கும். சிலவேளை வரப்போகும் உண்மையை முன்கூட்டிக் காட்டும். எது எப்போது என்பதற்குச் சூத்திரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகைக்காரனான எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் நெருக்கமான அத்தியாயம் மியாமியில் நடந்தது. ‘மியாமி ஹெரால்ட்’ உட்படப் பல நாளிதழ்களை நடத்திய நைற் ரிடர் நிறுவனம், இணையம் பொதுமக்களின் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, பத்திரிகையைத் தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுத் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவர முயன்றது. அதன் பெயர் வியூட்ரோன். 1980இல் மியாமியை அடுத்த கோரல் கேபிள்ஸ் என்ற வசதிபடைத்தோர் வாழும் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கருவிகளை இலவசமாகக் கொடுத்துப் பரீட்சித்தார்கள். ஏரீஅன்ட்ரீ தொலைபேசி நிறுவனம் கூட்டாளியாயிற்று. பங்குபற்றிய குடும்பங்களின் கருத்தைக் கேட்டார்கள். எந்தப் பக்கத்தை யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கும் இயந்திரத்திலேயே இருந்தது. அதற்கு முன் எந்தப் பத்திரிகை நிறுவனமும் தன் வாசகரை இவ்வளவு உன்னிப்பாக ஆராய்ந்ததில்லை என்றே சொல்லலாம்.

1983 ஒக்டோபர் 30ஆம் திகதி சேவை வர்த்தக ரீதியில் ஆரம்பமாயிற்று. திரையோடு இணைக்கும் கருவியின் அறிமுக விலை 600 டொலர். அதற்குமேல் மாதக் கட்டணம், தொலைபேசிச் செலவு. இலவசமாகக் கிடைத்தபோது நன்று என்றவர்கள், பணம் கொடுக்கவேண்டும் என்றதும் யோசித்தார்கள். ஆனால் நான் சொல்லவந்தது விலையைப் பற்றியல்ல. வியூட்ரோனில் செய்தி இருந்தது, வானிலை இருந்தது, கலைக்களஞ்சியம் இருந்தது, வங்கிக் கணக்குப் பார்க்கும் வசதி இருந்தது. சந்தாதாரர்களில் பலர் இவற்றைத் தாண்டிப்போய் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அறிவித்தற் பலகைகளில் அரட்டை அடித்தார்கள். நிறுவனத்தின் மேலிடத்துக்கோ அது உபரியான ஒரு வசதி. தாங்கள் விற்பது ஆசிரியபீடம் தேர்ந்தெடுத்துத் தரும் தகவல் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். 1986 மார்ச்சில் சேவை மூடப்பட்டது. நட்டம் ஏறத்தாழ 50 மில்லியன் டொலர். அதே மாதத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ரைம்ஸ் மிரர் பத்திரிகைக் குழுமமும் கேற்வே என்ற இதேபோன்ற சேவையை மூடிற்று.

பதில் அவர்கள் முன்னால்தான் இருந்தது. கேட்டும் இருந்தார்கள், அளந்தும் இருந்தார்கள். தங்களுடைய தொழிலைப் பற்றித் தாங்கள் கொண்டிருந்த எண்ணத்துக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை, அவ்வளவுதான். வியூட்ரோனின் வடிவமைப்பில் முக்கிய பங்காற்றிய ரொஜர் பிட்லர் மனந்தளரவில்லை என்பதையும் இங்கு பதிவுசெய்ய வேண்டும். கையில் ஏந்திப் படிக்கும் தட்டையான திரையில் எதிர்காலப் பத்திரிகை வரும் என்று 1990களின் நடுப்பகுதியிலேயே மாதிரிகளைச் செய்து காட்டியவர் அவர். அவரைப் பணிக்கமர்த்தியிருந்த நைற் ரிடர் நிறுவனம் 2006இல் இன்னொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு மறைந்தது.

பிரான்சில் இதே கதை வேறுவிதமாக முடிந்தது. அங்கு அரசாங்கத் தொலைத்தொடர்புத் துறை, மினிடெல் என்ற சிறு முனையத்தைத் தொலைபேசி விபரக்கொத்துக்குப் பதிலாக வீடுகளுக்கு இலவசமாகவே வழங்கத் திட்டமிட்டது. 1981இல் பரிசுக்கு அருகிலுள்ள வெலிசியில் 2,500 குடும்பங்களிடையே பரீட்சார்த்தம் நடந்தது. பத்திரிகை முதலாளிகள் முதலில் இதனைக் கடுமையாக எதிர்த்தார்கள். தங்கள் விளம்பர வருமானம் போய்விடும் என்பது பயம். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சேவைகளை நடத்தும் உரிமையில் பத்திரிகைகளுக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. ஸ்ட்ராஸ்பேர்க் நகரின் நாளிதழொன்று 1982இல் கிரெட்டல் என்ற சேவையை நடத்தியது. பாவனையாளர்களுக்குச் சிக்கல் ஏற்பட்டால் நிலையத்தோடு தொடர்புகொள்வதற்கென்று அதில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பாவனையாளர்கள் அந்த வழியைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழியாக மாற்றிக்கொண்டார்கள். அங்குள்ளவர்கள் அதை அடைத்துவிடாமல் ஒரு சேவையாகவே ஆக்கினார்கள். இரவிரவாக மக்கள் தட்டச்சுச் செய்து அளவளாவினார்கள். எதிர்த்து எழுதிய பத்திரிகை உலகமே பின்னர் இந்த அரட்டைச் சேவைகளால் பெரும் வருமானம் ஈட்டியது. அவற்றுட் பல கண்ணியமான பேச்சுக்கானவை அல்ல என்பது வேறு விடயம். 2012 ஜூன் 30ஆம் திகதிவரை மினிடெல் உயிரோடு இருந்தது.

நமது நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களுக்குச் சென்று, நாட்கணக்கில் அங்கேயே தங்கி, மக்களோடு உண்டு உறங்கி, அவர்களுடைய பேச்சையே நிகழ்ச்சியாக்கினார்கள். அந்த வழியில் 1989இல் பிறந்த கொத்மலை வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவோடு இணையத்தைக் கையாண்ட விதம் உலகின் கவனத்தைப் பெற்றது. கிராமவாசி தமது கேள்வியை அனுப்புவார். அறிவிப்பாளரும் விடயம் தெரிந்த ஒருவரும் கணினி முன் அமர்ந்து இணையத்தில் அதைத் தேடி, ஒலிபரப்பிலேயே சிங்களத்தில் விளக்குவார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. இணையத்தில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எவரிடமும் முன்கூட்டிக் கேட்கவேண்டியிருக்கவில்லை. வந்த கேள்விகளே அதற்கான ஆய்வாக அமைந்தன. கொழும்பில் ஹோட்டல் மண்டபம் பிடித்த நாங்கள் கொத்மலைக்கு ஒருமுறை போய்வந்திருக்கலாம்.

இனி அந்த மண்டபத்துக்குத் திரும்புகிறேன்.

நடுவில் தேநீருக்காகப் பதினைந்து நிமிடம் விட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவியும் நிறுத்தப்பட்டது. மற்றவர்கள் வாசற்பக்கம் கூடிநிற்க, ஆசிரியை மேசையடியிலேயே இருந்தார். மரியாதைக்காக நான் கோப்பையோடு அவரருகே போய் அமர்ந்தேன். சிரித்ததற்காக வருத்தப்பட வேண்டாம் என்ற பாவனையில் ஏதோ சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

“தம்பி, என்ர அண்ணை தொண்ணூற்றாறில மல்லாவியில செத்தவர். இடம்பெயர்ந்து போன இடத்தில. எனக்கு அந்தியேட்டியும் முடிஞ்ச பிறகுதான் தெரியும். கோயில்ல ஒரு பொடியன் சொல்லித்தான். அவருக்கு நான் துடக்கும் காக்கேல்லை.”

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு மக்கள் தென்மராட்சிக்கும் அங்கிருந்து வன்னிக்குமாகச் சிதறியதை நான் நாட்கணக்கில் செய்தியாக எழுதியவன். தொலைபேசி இல்லை, தபால் சீரில்லை என்பதையும் எழுதியவன். ஆயினும் ஒருவர் பத்திரிகையில் மரண அறிவித்தலை முதலில் பார்ப்பதற்கும் அந்தச் செய்திகளுக்கும் தொடர்பிருப்பதை நான் அதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை. மேர்ட்டன் சொன்ன சொந்த வாழ்வின் பின்னணி என்பது அதுதான். எங்கள் குழுவில் அது ஒலிப்பதிவு நிறுத்தப்பட்ட பதினைந்து நிமிடத்தில் மட்டுமே வெளியே வந்தது. ஏழு அந்நியர்களுக்கு முன்னால், சிரிப்புக்குப் பிறகு, அவர் அதைச் சொல்லப்போவதில்லை.

கேள்வி கேட்ட பெண் திறமையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கையில் இருந்த பட்டியலில் பதினெட்டுக் கேள்விகள் இருந்தன. இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கவேண்டியிருந்தது. பிழை என்னுடையது. தேநீருக்குப் பின்னும் நான் அதை அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆசிரியபீடக் கூட்டத்தில் எனது குறிப்பை வாசித்தபோதும் சொல்லவில்லை. சொந்தச் சோகம், பொதுவான வாசகருக்குப் பொருந்தாது என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். உண்மை வேறு. இணையம் என்பது புதுமை, அதில் போய் மரண அறிவித்தலா என்று மற்றவர்களைப் போலவே நானும் வெட்கப்பட்டேன்.

இன்னொரு பிழையும் இருந்தது. அது எங்கள் எல்லாருடையதும். மண்டபத்தில் அமர்ந்த எட்டுப் பேரும் கொழும்பில் வாழ்பவர்கள். காலையில் பத்திரிகை வீட்டு வாசலுக்கு வரும் இடத்தில் வாழ்பவர்கள். மியாமியின் செல்வந்தக் குடும்பங்களிடம் கேட்டதைப் போலத்தான் இதுவும். இணையத்தளம் தொடங்கிச் சில வாரங்களில் வருகைப் பதிவுகளைப் பார்த்தபோது, பெரும்பாலானவர்கள் கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்துகொண்டிருந்தார்கள். பாமினி எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவிக்கொண்டு, தமது நாட்டு இரவுகளில் வந்தார்கள். முகப்புப் பக்கத்தில் ஊர்ச் செய்தி இரண்டைப் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். பொருளாதாரப் பகுதியை எவரும் திறக்கவில்லை என்று சொன்னால் மிகையாகாது. ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதி வந்த மின்னஞ்சல்களில் பல ஒரே விடயத்தைக் கேட்டன. எங்கள் ஊரில் யார் காலமானார்கள் என்று அறிய வழியுண்டா?

சில ஆண்டுகளுக்குள் வேறு சிலர், பத்திரிகைத் தொழிலுக்கே சம்பந்தமில்லாதவர்கள், மரண அறிவித்தல்களையே முதன்மையாக வைத்து இணையத்தளங்களை நடத்தத் தொடங்கினார்கள். பிறந்த ஊர், வாழ்ந்த இடம், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், தகனம் எப்போது, தொடர்புக்கு எந்த இலக்கம் என்று எல்லாம் ஒரு பக்கத்தில். ஒரு குடும்பத்தின் சிதறலை அப்படியே வரைபடமாகக் காட்டுபவை அந்த அறிவித்தல்கள். புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் அவற்றைத் தினமும் பார்க்காதவர்கள் குறைவு. எனது மைத்துனர் ஒருவர் லண்டனில் காலைத் தேநீருக்கு முன் அதைத்தான் திறப்பார். என் மனைவி தொலைபேசியில் கேட்கும் முன்னரே அவருக்குத் தெரிந்திருக்கும்.

நாங்கள் விட்டுவிட்ட பகுதி எங்கள் தளத்திலும் 2005இல் வந்தது. அதைத் தொடங்கும்படி கேட்டது ஆசிரியபீடமல்ல, விளம்பரப் பிரிவு. பணம் வேறிடம் போகிறது என்று அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். முதல் வாரத்து அறிவித்தல்களை ஒப்புநோக்க ஆள் போதாமல் என்னிடமும் சில தாள்களைத் தந்தார்கள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஊர்ப் பெயர்களில் எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன.